ஆண்டறிக்கைக்கும் ஒரு கட்டத்தாள்

சேலையில் மயிலோ மாங்காயோ பூவேலையாக அமைய வேண்டுமாயின், அதனை முதலில் கட்டத்தாளில் எழுதிக்கொள்ளுதல் நெசவாளர் வழக்கம். சிறுமுகைப் பக்கத்து ஜக்கார்டு தறிகளைக் கண்டோர் இதனை அறிவர். தாளில் மேலிருந்து கீழாகச் செல்லும் கட்ட வரிசை பாவு இழையையும், குறுக்கே செல்லும் வரிசை ஊடையையும் குறிக்கும். வண்ணமிட்ட கட்டத்திற்கு அட்டையில் ஒரு துளை; அத்துளையால் பாவு இழை மேலெழும். நெய்து முடித்த சேலையில் கட்டம் எங்கும் தென்படுவதில்லை. ஆயினும், அஃதின்றிப் பூ உருப்பெறாது.

மஞ்சள் பயிரிடும் நம் விவசாயிகளும் முதலில் 45 சென்டிமீட்டர் இடைவெளியில் பார் பிடித்து, அதன்பின் அன்றோ விதைக்கிழங்கை ஊன்றுகின்றனர்!

இவ்வொழுங்கு நம் சங்கங்களின் ஆண்டறிக்கைக்கும் வேண்டும். சங்கத்தின் வரவு செலவை அங்கத்தினர் அறிந்துகொள்ள உதவும் முதன்மையான ஏடு அதுவே. சென்ற ஆண்டுத் தொகை இவ்வாண்டுத் தொகையின் கீழே சரிந்து நின்றால், நிலுவைக் கடன் குறைந்ததா, கூடியதா என்று எங்ஙனம் தெளிவது? படிக்க இயலாத அறிக்கையைப் பற்றி மகாசபையில் எவரும் வினா எழுப்புவதில்லை. வினா எழாத இடத்தில் கூட்டுறவு பெயரளவிலேயே எஞ்சும்.

1985-இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட பேஜ்மேக்கர், நம் நாட்டு அச்சகங்களில் நெடுங்காலம் பயன்பட்டது. இன்று விலையின்றிக் கிடைக்கும் ஸ்கிரைபஸ் போன்ற மென்பொருளைக் கொண்டு சங்க அலுவலகத்திலேயே பக்கம் அமைக்கலாம். அதில் இருவகைக் கோடுகள் உள்ளன. சீரான இடைவெளியில் பக்கம் முழுதும் பரவி நிற்பது கட்டம். நாம் வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்வது வழிகாட்டிக் கோடு. இரண்டும் திரையில் மட்டுமே தெரியும், அச்சில் வாரா. எழுத்துப் பெட்டியைக் கோட்டருகே கொணர்ந்தால் தானே ஒட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு.

அறிக்கை அமைப்போர் கீழ்க்கண்ட முறையைக் கையாளலாம்.

1. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். இருபுறமும் 20 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் 170 எஞ்சும். இதனை 5 மில்லிமீட்டர் இடைவெளியுடன் ஐந்து பத்திகளாகப் பிரித்தால், பத்தி ஒன்றுக்குச் சரியாக 30 மில்லிமீட்டர் கிடைக்கும்.

2. ஐந்தொகைப் பட்டியலில் முதல் மூன்று பத்திகளை விவரத்திற்கும், நான்காவதைச் சென்ற ஆண்டுத் தொகைக்கும், ஐந்தாவதை இவ்வாண்டுத் தொகைக்கும் ஒதுக்குக. தொகைகள் வலப்புறம் ஒட்டி நிற்கட்டும். ஒன்றின் கீழ் ஒன்று, பத்தின் கீழ் பத்து என அவை தாமே நேராகும்.

3. தமிழ் எழுத்துக்கு மேலே 'கீ'யின் சுழியும் கீழே 'மூ'வின் வளைவும் உண்டு. ஆங்கில எழுத்துக்குப் போதுமான வரி இடைவெளி நமக்குப் போதாது. 11 புள்ளி எழுத்துக்கு 16 புள்ளி இடைவெளி விட்டால், முதிர்ந்த அங்கத்தினரும் கண் கூசாது படிப்பர்.

4. ஒரு பக்கத்தில் இட்ட கோடுகளை எல்லாப் பக்கங்களுக்கும் ஒருங்கே இடலாம். அடுத்த ஆண்டும் அதே அமைப்பைக் காத்துக்கொள்க. சென்ற ஆண்டு பங்குத்தொகை இருந்த இடத்திலேயே இவ்வாண்டும் இருப்பின், இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்து எவரும் ஒப்பிடலாம்.

ஸ்கிரைபஸின் பழைய பதிப்புகளில் தமிழ் எழுத்துக்கள் உடைந்து தோன்றும். 2024-இல் வெளியான 1.6 பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ நிறுவிக்கொள்ளுதல் நலம்.

ஒன்று நினைவில் இருக்கட்டும். கோடு கணக்கைத் திருத்தாது. பிழையான தொகையை நேராக நிறுத்தினாலும் அது பிழையே. ஆனால், நேராக நின்ற பிழை அங்கத்தினர் கண்ணுக்கு எளிதில் அகப்படும். விரித்துப் பிடித்த சேலையில் ஓர் இழை விட்டுப்போனதை நெசவாளர் நொடியில் காண்கிறார். தம் சங்கத்தின் கணக்கையும் அவர் அங்ஙனமே காணுமாறு செய்தல் நிர்வாகிகளின் கடமையாகும்.