வரிசையில் நமக்கும் ஓர் இலக்கம்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்பது நம் முன்னோர் மொழி. கொழும்பு மாநகரிலே வாழும் எளிய குடும்பங்களுக்கு இப்பழமொழியின் முற்பாதி பொருந்துவதில்லை. இங்கே வீட்டைக் கட்டிப் பார்ப்பவர் சிலர். வீட்டுக்கு எழுதிப்போட்டுக் காத்துப் பார்ப்பவரே பலர். வெள்ளவத்தையில் முற்பணமும் வாடகையும் ஏற ஏறத் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு அடுத்த ஒழுங்கைக்கு நகரும் குடும்பமும், கொட்டாஞ்சேனைத் தோட்டமொன்றில் ஒற்றை அறையிலே மூன்று தலைமுறையாக வாழும் குடும்பமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அரசாங்க வீடு நமக்கு எப்போது கிடைக்கும்?"

இக்கேள்விக்கு விடை தேடும் முன், நாம் கேட்க மறந்துவிடும் இன்னொரு கேள்வி உண்டு. "நாம் எந்த வரிசையில் நிற்கிறோம்? அவ்வரிசையில் நம் இலக்கம் யாது?" என்பதே அது. இதனை அறியாமற் பத்தாண்டு காத்திருப்பவன், பஸ் வராத தெருவிலே குடை பிடித்து நிற்பவனை ஒப்பான்.

வரிசை பிறந்த வரலாறு

கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு 1875ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. துறைமுகம் வளர வளர, வேலை தேடி வந்தோர் தொகையும் பெருகிற்று. கொட்டாஞ்சேனை, முகத்துவாரப் பகுதிகளில் மாளிகை அமைத்து வாழ்ந்த செல்வர்கள் கறுவாத்தோட்டத்தை நாடிச் சென்றனர். அவர்கள் விட்டுச்சென்ற வளவுகளிலே வரிசை வரிசையாகச் சிற்றறைகள் எழுந்தன. பொதுக் குழாய் ஒன்று, பொது மலகூடம் ஒன்று, சுற்றிலும் முப்பது நாற்பது குடும்பங்கள் என்றவாறு அமைந்த இவையே நாம் இன்றும் 'தோட்டம்' என்று வழங்கும் குடியிருப்புகள். பூவும் காயும் இல்லாத தோட்டங்கள் இவை!

இந்நிலையைச் சீர்செய்யும் முயற்சி புதியதன்று. வீடமைப்பு, நகரச் சீர்திருத்தக் கட்டளைச் சட்டம் 1915இலேயே பிறந்தது. பற்றிக் கெடிஸ் என்னும் நகரமைப்பு அறிஞர் 1921இல் கொழும்பு பற்றி அறிக்கை எழுதினார். யுத்த காலத்தில் வாடகை தாறுமாறாக ஏறவே, 1942இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. தேசிய வீடமைப்புச் சட்டம் 1954இல் இயற்றப்பட்டது. ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளின் தொகைக்கு எல்லை வகுத்த சட்டம் 1973இல் வந்தபோது, வாடகைக்கு இருந்தோர் பலர் தாம் குடியிருந்த வீட்டுக்கே சொந்தக்காரராகும் வழி திறந்தது.

அதன்பின் இலட்சங்களின் காலம். ஒரு இலட்சம் வீட்டுத் திட்டம் 1978இல் தொடங்கியது. தேசிய வீடமைப்பு அதிகார சபை 1979ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்டது. பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் 1984இல் ஆரம்பமாயிற்று. அரசாங்கமே கட்டிக் கொடுப்பதினும், கடனும் வழிகாட்டலும் கொடுத்து மக்களையே கட்டச் செய்வது இப்பின்னைய திட்டத்தின் நோக்கம். அன்றைய வீடமைப்பு அமைச்சரும் பிரதமருமான ஆர். பிரேமதாசா ஐக்கிய நாடுகள் சபையில் விடுத்த யோசனையின் பயனாக, 1987ஆம் ஆண்டு வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாகக் கொண்டாடப்பட்டது.

பின்னர்க் காற்றுத் திசை மாறியது. தோட்டத்தை இருந்த இடத்திலே திருத்துவதை விடுத்து, மக்களை உயர்ந்த மாடிகளில் ஏற்றி, விடுபடும் நிலத்தை வேறு பயனுக்கு எடுக்கும் எண்ணம் வலுப்பெற்றது. பொரளைப் பக்கத்தில் 2001இல் எழுந்த சகஸ்புர, 14 மாடிகளும் 671 வீடுகளும் கொண்டது. அவ்வழியின் முதற்படி அதுவே. 2010க்குப் பின்னர் நகர அபிவிருத்தி அதிகார சபை இவ்வேலையைப் பெருமளவில் மேற்கொண்டது. கொழும்பு மாநகரில் 1,499 குடியிருப்புகளில் 68,812 குடும்பங்கள் இவ்வாறு வாழ்வதாக அச்சபை கணக்குக் கூறிற்று. தெமட்டகொடை, வனாத்தமுல்லை, மட்டக்குளி ஆகிய இடங்களில் இன்று வானளாவ நிற்கும் தொடர்மாடிகள் பல இத்திட்டத்தின் வழி வந்தவை.

இரண்டு வாசல்கள்

மேற்சொன்ன வரலாற்றினால் கொழும்பிலே அரசாங்க வீட்டுக்கு இரு வாசல்கள் அமைந்துவிட்டன.

முதலாவது, விண்ணப்ப வாசல். வீடுகளை விற்பனைக்கோ வாடகைக்கோ விடும்போது, அதிகார சபை பத்திரிகைகளில் விளம்பரம் செய்து விண்ணப்பங் கோரும். வருமான எல்லை, தவணைப் பணம், இறுதித் தேதி எல்லாம் அதிற் கண்டிருக்கும். வெள்ளவத்தை வாடகைக் குடும்பங்களுக்கு உரியது பெரும்பாலும் இவ்வாசலே. இதில் நாமே சென்று நம் பெயரைப் பதிய வேண்டும்.

இரண்டாவது, கணக்கெடுப்பு வாசல். தோட்டக் குடியிருப்புகளில் வாழ்வோர் பெயரை உத்தியோகத்தரே வீடு தேடி வந்து பதிவர். அந்தத் தோட்டம் அகற்றப்படும்போது, அப்பட்டியலில் உள்ளோருக்குத் தொடர்மாடியில் வீடு ஒதுக்கப்படும். இங்கே விண்ணப்பம் இல்லை. ஆனால் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலே வரிசை.

முதல் வாசலில் நிற்க வேண்டியவர் இரண்டாவதிலும், இரண்டாவதில் நிற்பவர் முதலாவதிலும் காத்திருந்து காலத்தைப் போக்குவதுண்டு. "எப்போதோ ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தோம்" என்பர். எந்தக் கந்தோருக்கு, எந்தத் திட்டத்துக்கு என்று கேட்டால் விடை இராது. ஆதலின் வீட்டு மேசையில் முதலில் தீர்க்க வேண்டிய விஷயம் இதுவே.

கதவிலக்கம் ஒன்று, குடும்பம் மூன்று

கணக்கெடுப்பு நாளின் முக்கியத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். கொட்டாஞ்சேனைத் தோட்டமொன்றிலே ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கதவிலக்கம் ஒன்று. உள்ளே தாயும் தகப்பனும். மணமான மகனும் மருமகளும் இரு பிள்ளைகளும். மேலே பலகை அடித்த தட்டிலே மகளும் மருமகனும் கைக்குழந்தையும். அடுப்புகள் மூன்று எரிகின்றன. உத்தியோகத்தர் வருகிற நாளில் ஆண்கள் வேலைக்குப் போய்விட்டனர். "இது யார் வீடு?" என்ற கேள்விக்குத் தாய், "என் புருஷன் வீடு ஐயா" என்கிறாள். அவள் சொன்னது பொய்யன்று. ஆயினும் அந்த ஒரு வாக்கியத்தால் மூன்று குடும்பம் காகிதத்தில் ஒரு குடும்பம் ஆகிவிடுகிறது.

2010க்குப் பிந்திய திட்டத்தில் 'வீட்டுக்கு வீடு' என்பதே விதியாக இருந்தது. ஒரு கதவுக்கு ஒரு தொடர்மாடி வீடு. அதன் அளவோ சுமார் 400 முதல் 500 சதுர அடி. தோட்டத்திலாவது மேலே ஒரு தட்டு அடிக்கலாம், பின்னே ஒரு சாய்ப்பு இறக்கலாம். கொங்கிறீற்று மாடியில் அதற்கு இடமேது? பெரிய குடும்பங்கள் பல இதனாலேயே இடர்ப்பட்டன. அத்துடன் வீடு இலவசமுமன்று. ஏறத்தாழப் பத்து இலட்சம் ரூபாவை நீண்டகால மாதத் தவணையாகச் செலுத்துமாறு குடும்பங்கள் கேட்கப்பட்டன.

ஆகவே, கணக்கெடுப்பு நடைபெறுவதாகக் கேள்வியுற்றால் வீட்டிலே பொறுப்பானவர் ஒருவர் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு குடும்பத்தின் விவாகப் பதிவுச் சான்றிதழையும் பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களையும் தனித்தனியே காட்ட வேண்டும். படிவத்தில் என்ன எழுதப்பட்டது என்று படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும். பிழை கண்டால் அந்த வாரமே எழுத்தில் முறையிடல் நன்று. பட்டியல் காய்ந்து இறுகிய பின்பு அதைத் திருத்துவது, சுட்ட மண்ணிலே விரலிலக்கம் பதிப்பது போலாகும்.

வீட்டுக்கு முன் ஒரு கோவை

வீடு கிடைக்கும் முன் கையில் இருக்க வேண்டியது ஒரு கோவை. அதிலே தேசிய அடையாள அட்டைப் பிரதி, வாக்காளர் இடாப்பில் குடும்பத்தின் பெயர் உள்ள பக்கத்தின் பிரதி, கிராம அலுவலரின் வதிவிடச் சான்று, மின்கட்டண, நீர்க்கட்டணச் சிட்டைகள், வாடகைப் பற்றுச்சீட்டுகள் ஆகியன ஆண்டு வாரியாக அடுக்கப்பட வேண்டும். வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுவது. ஓராண்டு பெயர் விடுபட்டாலும் நெடுநாள் வதிவிடத்தை நிலைநாட்டுவது கடினமாகும். பிள்ளையை முதலாந் தரத்திற் சேர்க்கும்போதும் இதே இடாப்பைத்தான் கேட்பார்கள் என்பதைத் தாய்மார் அறிவர்.

கொழும்புத் தமிழ்க் குடும்பங்களுக்கு இதனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1983 ஜூலையில் வீடு எரிந்த குடும்பங்கள் பலவற்றுக்கு வீட்டோடு பத்திரங்களும் எரிந்தன. வீட்டை மீண்டும் வாடகைக்கு எடுத்தவர்கள்கூட, தாம் யார், எங்கே எத்தனை ஆண்டு வாழ்ந்தோம் என்று நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் அலைய நேர்ந்தது. ஆதலால் மூலப் பத்திரம் ஓரிடத்திலும் பிரதி வேறோரிடத்திலும் இருத்தல் வேண்டும். இழந்த பிறப்பு, விவாகப் பத்திரங்களின் பிரதியைப் பதிவாளர் பிரிவிலும், காணி உறுதி பற்றிய விபரத்தைக் காணிப் பதிவகத்திலும் பெறலாம்.

கோவையோடு ஒரு கொப்பியும் வேண்டும். சென்ற தேதி, கந்தோர், மேசை, சொல்லப்பட்ட விடை, கொடுத்த கடிதத்தின் இலக்கம் என்பவற்றை அன்றன்றே குறிக்க வேண்டும். "நாளைக்கு வாருங்கள்" என்ற சொல்லும் தேதியோடு எழுதப்பட்டால் ஒரு சாட்சியாகிறது. கடிதங்களைப் பதிவுத் தபாலில் அனுப்புக. பணம் செலுத்துவதாயின் வங்கியிலோ கந்தோரின் காசாளரிடமோ மட்டும் செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெறுக. "இலக்கத்தை முன்னே தள்ளித் தருகிறேன்" என்று தேநீர்க் கடையிலே பேசும் தரகரிடம் கொடுத்த காசு, கடலிற் கரைத்த பெருங்காயம்.

கேட்பது நம் உரிமை

"எங்களுக்குச் சிங்களம் எழுத வராது, எப்படிக் கேட்பது?" என்று தயங்குவோர் இன்றும் உளர். 1956இன் தனிச் சிங்களச் சட்டம் உண்டாக்கிய அச்சம் அது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. அடுத்த ஆண்டின் பதினாறாந் திருத்தத்தின்படி, எவரும் அரசாங்க உத்தியோகத்தருடன் தமிழிலே கருமமாற்றவும் தமிழிலே மறுமொழி பெறவும் உரித்துடையவர். நடைமுறையிற் குறைகள் உண்டு என்பது மெய். ஆயினும் தமிழிற் கடிதம் எழுதாதவன் தமிழில் மறுமொழியை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

இதனினும் கூரிய கருவி ஒன்று 2016இல் கிடைத்தது. அவ்வாண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமே அது. ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் உளர். பிரசை எவரும் அவரிடம் எழுத்தில் கேட்கலாம். எழுத இயலாதவர் வாயாற் கூறினால் உத்தியோகத்தரே எழுதிக்கொள்ள வேண்டும். எதற்காகக் கேட்கிறீர் என்று காரணம் வினவ முடியாது. கேள்வி கிடைத்தமைக்கு எழுத்தில் ஏற்புச் சீட்டுத் தரப்படும். தகவல் கொடுப்பதா மறுப்பதா என்ற தீர்மானம் பதினான்கு வேலை நாட்களுக்குள் எடுக்கப்பட வேண்டும். மறுத்தால், அந்நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அதன் பின்னர்த் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

என்ன கேட்பது? "எனக்கு வீடு தாருங்கள்" என்பது இச்சட்டத்தின் கீழ்க் கேட்கத்தக்கதன்று. கேட்க வேண்டியவை நான்கு: என் குடும்பத்தின் பெயர் பட்டியலில் உண்டா? உண்டாயின் எத்தேதியில், எவ்விலக்கத்தில் பதியப்பட்டது? வீடு ஒதுக்குவதற்கு அளவுகோல் யாது? இத்திட்டத்தில் இதுவரை எத்தனை வீடுகள் எந்த அளவுகோலின்படி ஒதுக்கப்பட்டன? பிறருடைய அந்தரங்க விபரங்களை மறுக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. ஆனால் நம்மைப் பற்றிய பதிவையும் பொது விதியையும் நாம் கேட்பதற்கு அது தடையாகாது.

பிற நாட்டு வழி

ஹொங்கொங் நகரில் 1953 நத்தார் இரவில் மூண்ட தீயினால் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் குடிசைகளை இழந்தனர். அந்நாட்டுப் பொது வீடமைப்பின் தொடக்கம் அத்தீயே என்பர். இன்று அங்கே விண்ணப்பித்தோர் சராசரியாக எத்தனை ஆண்டு காத்திருக்கின்றனர் என்ற கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடப்படுகிறது. அண்மைக் காலத்தில் அக்கணக்கு ஐந்தாண்டையும் தாண்டியது. நீண்ட காலந்தான். ஆயினும் ஐந்தாண்டு என்று அறிந்து காத்திருப்பதற்கும், எத்தனை ஆண்டென்று அறியாமற் காத்திருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. முன்னையவன் பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் மகளின் கலியாணத்தையும் அதற்கேற்பத் திட்டமிடலாம். பின்னையவன் எதனையும் திட்டமிட இயலாது.

நம் நாட்டிலும் பட்டியலும் அளவுகோலும் கந்தோர் வாசலில் ஒட்டப்படும் நாள் வரவேண்டும். இடமில்லை என்று சொல்வது அரசாங்கத்துக்குக் குறையன்று. யாருக்கு முன்னே யார் என்று சொல்லாமல் விடுவதே குறை. மறைந்த வரிசையிலேதான் சிபாரிசுக் கடிதமும் கைக்கூலியும் நுழைகின்றன.

மாணவ மணிகளுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு தோட்டத்திலும் வாடகை வீட்டிலும் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் உண்டு. படிவத்தை வாசித்துச் சொல்லவும், கடிதத்தைத் திருத்தமாக எழுதவும், கொப்பியில் தேதி குறிக்கவும் உங்களால் இயலும். இந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அப்பாவின் பெட்டியிலும் அம்மாவின் தலையணைக்கடியிலும் கிடக்கும் காகிதங்களை ஒரு கோவையாக அடுக்குங்கள். அடுத்த வீட்டு ஆச்சிக்குப் படிக்கத் தெரியாதாயின் அவரது காகிதங்களையும் பாருங்கள். வீடு வரும் நாளை உங்களாற் குறிக்க முடியாது. ஆனால் வரிசையில் உங்கள் குடும்பத்தின் இலக்கம் எது என்று கேட்டு, மறுமொழியை எழுத்திலே பெற்று, அக்கோவையில் வைக்க உங்களால் முடியும்.