ஜாதகம் தரகரிடம், பிள்ளை அவரவர் வீட்டில்

லிஸ்பனில் ஓர் அறிவியல் ஆசிரியை, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒளிச்சேர்க்கையைச் சொல்லிக்கொடுக்க நல்ல அசைபடம் ஒன்றைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்னால் இருப்பது ஒரே ஒரு தேடல் பெட்டி. சொல்லைத் தட்டியதும் பெல்ஜியத்திலிருந்து ஒன்று, கனடாவிலிருந்து ஒன்று, ஆஸ்திரேலியாவிலிருந்து ஒன்று என்று பாடப்பொருள்கள் வந்து நிற்கின்றன. இப்படி நாடு தாண்டித் தேடுவதற்காகவே ஐரோப்பாவின் அரியாட்னி, அமெரிக்காவின் மெர்லாட் ஆகியவையும் கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் அமைப்புகளும் சேர்ந்து 2004-இல் 'குளோப்' என்ற கூட்டணியைத் தொடங்கின.

இதைப் பார்க்கிற எவருக்கும் முதலில் தோன்றுவது, எல்லாப் பாடங்களையும் எங்கோ ஒரு பெரிய கணினியில் குவித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான். கணினியோடு பழகியவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இந்த ஒரு நினைப்பைக் கழற்றி வைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

கல்யாணத் தரகரை நமக்குத் தெரியும். அவர் பையில் நூறு ஜாதகங்கள் இருக்கும். ஒரு பிள்ளையும் இருக்காது. பிள்ளைகள் அவரவர் வீட்டில் இருக்கிறார்கள். தேடல் தளமும் அப்படித்தான். அதனிடம் இருப்பது பாடத்தின் ஜாதகம்: தலைப்பு, எழுதியவர், மொழி, எந்த வயதுக்கு, யாருக்கு உரிமை, எந்த முகவரியில் கிடைக்கும். இதை மெட்டாடேட்டா என்கிறார்கள். பாடம் அதை உருவாக்கிய பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்திலேயே கிடக்கிறது. களஞ்சியம் என்று நாம் நினைக்கும் மெர்லாட்டிலேயே பெரும்பாலும் சுட்டிகளும் விவரங்களும்தான் இருக்கின்றன; பொருள் வேறெங்கோ இருக்கிறது. தரகரிடமே இன்னொரு தரகர் விசாரிப்பதும் உண்டு என்று இதிலிருந்து தெரிகிறது அல்லவா?

ஜாதகத்துக்கு ஒரு பொது வடிவம் வேண்டும். கல்விப் பொருள்களுக்கென்றே ஐ.ட்ரிபிள்.ஈ. அமைப்பு 2002-இல் 'லாம்' என்ற தரத்தை வெளியிட்டது. அதில் ஒன்பது பெரும்பிரிவுகள், அவற்றுக்குள் ஏராளமான சிறு பத்திகள். நூலகத்தார் பழகிய டப்ளின் கோர் இதைவிடச் சிக்கனமானது, பதினைந்தே பத்திகள். ஆனால் அந்தப் பதினைந்தில் மாணவரின் வயதுக்கென்று ஒரு பத்தி கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

இனி, தரகர் எப்படி வேலை செய்கிறார்? இரண்டு வழி உண்டு. முதல் வழியில் அவர் ஊர் ஊராகப் போய் ஜாதகங்களைப் படியெடுத்துத் தன் பையில் வைத்துக்கொள்கிறார். யார் கேட்டாலும் பையிலிருந்தே எடுத்துக் காட்டுகிறார். கணினி உலகில் இதற்கு அறுவடை என்று பெயர். 1999-இல் அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் கூடியவர்கள் தொடங்கிவைத்த முயற்சியிலிருந்து ஓ.ஏ.ஐ.-பி.எம்.எச். என்ற நெறிமுறை பிறந்தது. பெயர்தான் வாயில் நுழையாது. உள்ளே இருப்பது ஆறே கேள்விகள். நீ யார், உன் ஜாதகங்கள் என்னென்ன வடிவில் இருக்கின்றன, இன்ன தேதிக்குப் பிறகு வந்தவற்றை மட்டும் கொடு என்கிற மாதிரி. நம்மூர் தேசிய டிஜிட்டல் நூலகத்தை ஐ.ஐ.டி. கரக்பூர் நடத்துகிறது, அதுவும் பல நிறுவனங்களிலிருந்து விவரங்களைத் திரட்டி ஒரே தேடலில் தருவதுதான்.

இந்த வழியில் பதில் சட்டென்று வந்துவிடும். ஆனால் பையில் இருப்பது படி. பையனுக்குக் கல்யாணம் முடிந்த பிறகும் அவன் ஜாதகம் தரகர் பையில் கிடக்கலாம். களஞ்சியம் ஒரு பாடத்தை நீக்கினால் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று இந்த நெறிமுறை கட்டாயப்படுத்தவில்லை. நீக்கியவற்றுக்குக் கணக்கு வைப்பாயா என்று மட்டும் கேட்கிறது. 'வைக்கமாட்டேன்' என்பதும் முறையான பதில்தான். தேடலில் தெரிந்த பாடம் சொடுக்கியதும் காணாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நாமோ தேடல் தளத்தைத் திட்டுகிறோம்.

இரண்டாவது வழியில் தரகர் பையே வைத்துக்கொள்வதில்லை. நாம் கேட்டதும் அந்தந்த ஊர்த் தரகர்களுக்கு ஒரே நேரத்தில் போன் போட்டு, வந்த பதில்களைச் சேர்த்துச் சொல்கிறார். இதுதான் கூட்டாட்சித் தேடல். இதற்காக ஐரோப்பியத் தரநிலைக் குழுவான சென் 2005-இல் எஸ்.கியூ.ஐ. என்ற இடைமுகத்தை வெளியிட்டது. லூவன் பல்கலைக்கழகத்தின் எரிக் டுவல் போன்றவர்கள் இதன் பின்னால் இருந்தார்கள்.

இப்படிப்பட்ட ஏற்பாட்டைச் 'சேவை சார்ந்த' ஏற்பாடு என்கிறார்கள்; ஏன் என்று பார்ப்போம். ஒவ்வொரு களஞ்சியமும் வேறு வேறு மென்பொருளில் ஓடுகிறது. எல்லோரும் ஒரே மென்பொருளுக்கு மாறுங்கள் என்றால் எந்தப் பல்கலைக்கழகமும் கேட்காது. ஆகவே உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. வெளியிலிருந்து இன்ன கேள்வி வந்தால் இன்ன மாதிரி பதில் தர வேண்டும் என்பது மட்டும் ஒப்பந்தம். முதலில் ஓர் உரையாடலைத் திறக்க வேண்டும். என்ன மொழியில் (தமிழ், ஆங்கிலம் போன்றதல்ல, கணினிக்கான வினா மொழி) கேட்கப்போகிறேன், எத்தனை பதில் போதும், எவ்வளவு நேரம் காத்திருப்பேன் என்று சொல்ல வேண்டும். பிறகு கேள்வி. பதில் வரும்வரை இணைப்பிலேயே காத்திருக்கலாம். அல்லது 'கிடைத்ததும் இந்த முகவரிக்கு அனுப்பு' என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

கேள்வியை எந்த மொழியில் எழுத வேண்டும் என்று எஸ்.கியூ.ஐ. சொல்வதே இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள். என் பார்வையில் அதன் கெட்டிக்காரத்தனமும் தொல்லையும் இந்த ஒரே இடத்தில் இருக்கின்றன. மொழிச் சண்டையைத் தள்ளிவைத்ததால் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் இரண்டு களஞ்சியங்கள் உண்மையில் பேசத் தொடங்கும்போது அந்தப் பேச்சை மறுபடி எடுத்தே ஆக வேண்டும். நடைமுறையில் சில சொற்களை மட்டும் அடுக்கி அனுப்பும் மிக எளிய மொழிக்குப் பலரும் இறங்கி வந்தார்கள்.

இந்த வழிக்கும் குறை உண்டு. மிக மெதுவாகப் பதில் சொல்பவருக்காக மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், அல்லது அவரை விட்டுவிட வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம் வரிசை. ஒவ்வொரு ஊர்த் தரகரும் தன்னிடம் இருக்கும் வரன்தான் முதல்தரம் என்கிறார். யாரை மேலே வைப்பது? ஒவ்வொரு களஞ்சியமும் தன் கணக்கில் மதிப்பெண் போடுகிறது. அவற்றை ஒன்றோடு ஒன்று ஒப்பிட முடியாது. போகப் போக அறுவடையின் பக்கமே பலரும் சாய்ந்ததில் ஆச்சரியமில்லை.

இப்போது லிஸ்பன் ஆசிரியையிடம் திரும்புவோம். 'பன்னிரண்டு வயது' என்ற வடிகட்டியை அவர் சொடுக்குகிறார். பட்டியல் சட்டென்று சுருங்கிவிடுகிறது. பொருத்தமான பாடங்கள் இல்லாததால் அல்ல. அறுவடையில் கட்டாயமாகத் தர வேண்டிய வடிவம் டப்ளின் கோர் மட்டுமே. லாம் ஜாதகத்தைத் தருவதும் தராததும் களஞ்சியத்தின் விருப்பம். லாம் வடிவிலேயே தந்திருந்தாலும், பாடத்தை ஏற்றியவர் அத்தனை பத்திகளையும் பார்த்து மலைத்து, தலைப்பையும் தன் பெயரையும் எழுதிவிட்டு வயதைக் காலியாக விட்டிருக்கலாம். இந்தப் படிவங்களை மனிதர்கள் நிரப்பவே கூடாது, பாடத்தைப் படித்துப் பார்த்து இயந்திரமே ஜாதகம் எழுத வேண்டும் என்பது டுவலின் கட்சி.