அனுமந்தரம் எங்கே போயிற்று?

மாணவர்களே, உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் வீணைக் கச்சேரி நடந்தால் அதை இரண்டு இடங்களிலிருந்து கேட்டுப் பாருங்கள். முதலில் மேடையை ஒட்டி, வாசிப்பவருக்கு அருகில் உட்கார்ந்து கேளுங்கள். நான்கு வாசிப்புக் கம்பிகளும் தெளிவாகக் கேட்கும். பிறகு பந்தலின் கோடிக்குப் போய் ஒலிபெருக்கியின் கீழ் நில்லுங்கள். சாரணிக் கம்பி கணீரென்று ஒலிக்கும். ஆனால் தடித்த அனுமந்தரக் கம்பி சில கச்சேரிகளில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். சிலவற்றில் அதுவும் இராது. ஒலியைக் கூட்டச் சொன்னால் சாரணி காதைக் கிழிக்குமே தவிர அனுமந்தரம் மேலே வராது.

காவிரிப் பாசனப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேட்டூரில் கூடுதலாகத் தண்ணீர் திறந்தால் மட்டும் கடைமடை வயல் நனைந்துவிடுமா? வழியிலுள்ள மதகு அடைபட்டிருந்தால் தலைமடையில் வெள்ளம் புரளும். கடைமடை காய்ந்தே கிடக்கும். வீணையில் அடைபட்டிருக்கும் மதகு எது?

தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுகிறது. 2013ஆம் ஆண்டு இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதில் கம்பிகள் ஏழு. பக்கவாட்டில் உள்ள மூன்றும் தாளக் கம்பிகள். மெட்டுகளின் மேல் செல்லும் நான்கும் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்பவை. கணக்குக்காகச் சாரணியின் சட்ஜம் நொடிக்கு 160 அதிர்வுகள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது பஞ்சமம் 120, மந்தரம் 80, அனுமந்தரம் 60 அதிர்வுகளாகச் சுருதி கூட்டப்படும்.

இப்போது ஒரு சிறு சோதனை. வீணை வைத்திருப்பவரிடம் அனுமதி பெற்று, ஒரு சிறு காந்தத்தை ஒவ்வொரு கம்பியின் அருகிலும் மெதுவாகக் கொண்டு செல்லுங்கள். சாரணியும் பஞ்சமமும் எஃகு. காந்தம் அவற்றை இழுக்கும். மந்தரமும் அனுமந்தரமும் வெறும் பித்தளைக் கம்பிகளாக இருந்தால் காந்தம் அவற்றைக் கண்டுகொள்ளாது. எஃகு நரம்பின் மேல் வேறு உலோகம் சுற்றிய கம்பிகளாக இருந்தால் உள்ளே இருக்கும் எஃகின் அளவுக்கு இழுக்கும். நம் புதிருக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

ஏனென்றால் பல வீணைகளில் கம்பிகளுக்கு அடியில் பொருத்தப்படும் 'பிக்கப்' என்னும் கருவியும் ஒரு காந்தந்தான். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலமும் சேர்ந்து அசைகிறது. சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. 1831இல் மைக்கேல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் இதுவே. இந்தக் கருவி காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை. இரும்பின் அசைவை மட்டுமே அது அறியும். பித்தளைக் கம்பி எவ்வளவு கம்பீரமாக முழங்கினாலும் காந்தக் காதுக்கு அது ஏறக்குறைய ஊமை.

இதே தொல்லை மேல்நாட்டு மின்சார பேஸ் கிதாரிலும் உண்டு. அங்கே கம்பிகள் எல்லாம் காந்தத்துக்கு உட்பட்டவைதாம். ஆனால் பருமன் வேறு வேறு. லியோ பெண்டர் 1951இல் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்' கிதாரின் பிக்கப் 1957இல் இரண்டு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டும் இரண்டு கம்பிகளைக் கவனிக்கும். திருகைத் திருப்பி ஒரு துண்டைக் கம்பிக்கு அருகில் உயர்த்தலாம், மற்றதைத் தாழ்த்தலாம். ஆசை மிகுந்து மிக அருகில் கொண்டுபோனால் காந்தமே கம்பியைப் பிடித்திழுக்கும். ஒலி சீக்கிரம் தேயும், சுருதியும் அலையும்.

அப்படியானால் வீணையிலும் கம்பிக்கு ஒரு காந்த முனையாக வைத்து உயரத்தைச் சரிசெய்துவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் கமகம் குறுக்கே வருகிறது.

வீணை வாசிப்பவர் ஒரே மெட்டின் மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துப் பல சுரங்களைப் பேசவைக்கிறார். குதிரையிலிருந்து 60 செ.மீ. தொலைவிலுள்ள மெட்டில் கம்பி 3 செ.மீ. இழுக்கப்படுவதாகக் கொள்வோம். குதிரைக்கு 20 செ.மீ. தொலைவில் பிக்கப் இருந்தால், அங்கே கம்பி எவ்வளவு நகரும்? வடிவொத்த முக்கோணங்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: 3 × 20 ÷ 60 = 1 செ.மீ. சிறிய காந்த முனையாக இருந்தால் கம்பி அதை விட்டே விலகிவிடும். கமகம் உச்சிக்குப் போகும்போது ஒலி இளைக்கும். பிக்கப்பை 10 செ.மீ. தொலைவுக்குக் கொண்டுவந்தால் நகர்வு அரை செ.மீ. ஆகக் குறையும். தனித்தனி முனைகளுக்குப் பதில் எல்லாக் கம்பிகளுக்கும் குறுக்கே ஒரே நீளக் காந்தப் பட்டையை வைத்தால் தொல்லை இன்னும் குறையும்.

குதிரைக்கு அருகில் வைப்பதால் ஒரு நஷ்டமும் உண்டு. கம்பியின் முழு நீளம் 80 செ.மீ. என்க. அடிப்படை அதிர்வின்போது கம்பி நடுவில்தான் மிகுதியாக ஆடும். குதிரையை நெருங்க நெருங்க ஆட்டம் சுருங்கும். 10 செ.மீ. தொலைவில் அதன் வீச்சு, நடுவில் உள்ளதில் சைன் 22.5° பங்கு, அதாவது 0.38 மட்டுமே. ஆனால் நான்காம் மேல்சுரத்துக்கு அதே இடம் உச்ச வீச்சுள்ள இடம். ஆகவே குதிரையருகே வைத்த பிக்கப், கம்பியின் கூர்மையான ஒலிகளை நிறையவும் அடிநாதத்தைக் குறைவாகவும் எடுக்கிறது. கமகத்துக்காக உள்ளே தள்ளினால் அனுமந்தரம் மெலிகிறது. அனுமந்தரத்துக்காக வெளியே இழுத்தால் கமகம் மெலிகிறது. எல்லா வீணைக்கும் பொருந்தும் ஓர் அளவு கிடையாது. ஒவ்வொரு வீணையிலும் நகர்த்தி நகர்த்திக் கேட்டுத்தான் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

பித்தளைக் கம்பிகளின் நாதத்தை இழக்க விரும்பாதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. 1880இல் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார்கள். இந்த அழுத்தமின் தத்துவத்தில் இயங்கும் சிறு வில்லையை வீணைக் குடத்தின் மேற்பலகையில் ஒட்டுகிறார்கள். 'கான்டாக்ட் மைக்' என்பது இதுதான். கம்பி எஃகா, பித்தளையா என்று இது பார்ப்பதில்லை. குதிரை வழியாகப் பலகைக்கு வரும் அதிர்வையே எடுக்கிறது. என்னைக் கேட்டால், காந்தத்துக்காகக் கம்பியை மாற்றுவதைவிடக் கம்பிக்கேற்ற காதைத் தேடுவதே நியாயம்.

ஆனால் இதற்கும் இடம் பார்க்க வேண்டும். பலகை முழுவதும் ஒரே சீராக அதிர்வதில்லை. சில கோடுகளில் அசைவே இருக்காது. அதிரும் தகட்டின் மேல் மணலைத் தூவி இக்கோடுகளைக் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் கிளாட்னி, ஆண்டு 1787. ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் கோடுகளின் அமைப்பு வேறு. வில்லையை இரண்டு விரற்கடை நகர்த்தினாலே ஒரு கம்பி ஓங்கி மற்றொன்று தாழலாம். நான்கு கம்பிகளையும் ஒரே வேகத்தில் மீட்டிக் கைப்பேசியில் பதிவு செய்து, வில்லையை நகர்த்தி மறுபடி பதிவு செய்து ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். ஒலிபெருக்கியின் சத்தமே பலகையை அதிரச் செய்து, அது மீண்டும் பெருகி ஊளையிடும் அபாயமும் இம்முறையில் அதிகம்.

இத்தனையும் சரிசெய்த பிறகும் பந்தல் கோடியில் அனுமந்தரம் வரவில்லையென்றால், மேலே பாருங்கள். கம்பத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறதா? நொடிக்கு 60 அதிர்வுகளைத் தரும் ஆற்றல் அதற்குக் கிடையாது. 240, 300, 360 போன்ற மேல்சுரங்களை மட்டுமே அது அனுப்பும். அவற்றின் இடைவெளி 60 என்பதை உணர்ந்து, இல்லாத அடிநாதத்தை நம் மூளையே ஓரளவு நிரப்பிக்கொள்கிறது. அந்தக் குழாயிலும் அனுமந்தரத்தின் சுரம் என்ன என்று அடையாளம் தெரிவது இதனால்தான். அதன் கனம் மட்டும் வராது.

மீதியுள்ள மூன்று தாளக் கம்பிகள் மெல்லிய எஃகுக் கம்பிகள். அவை பக்கத்திலுள்ள வளைந்த சிறு குதிரையின் மேல் செல்வதால் அடியில் உள்ள காந்தப் பிக்கப்புக்கு அவ்வளவாக எட்டுவதில்லை. கான்டாக்ட் மைக்கிலோ நேர்மாறாக, தாளம் பாட்டை மிஞ்சி ஒலிக்கக்கூடும். இதற்குத் திருகு எதுவும் கிடையாது. வாசிப்பவர் தம் சுண்டு விரலின் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்.