உஷார்! “ஒண்ணுமில்லீங்க” என்ற பதிலை நம்பிவிடாதீர்கள்!

உங்கள் பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்ச நாளாகச் சரியாகப் பேசுவதில்லையா? “அவருக்கு என்ன குடும்பப் பிரச்னையோ, நமக்கெதுக்கு?” என்று ஒதுங்கிப் போகிறீர்களா? போகாதீர்கள். நாளில் பாதியை அவர் உங்களோடுதான் கழிக்கிறார். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாதது உங்கள் கண்ணில்தான் முதலில் படும்.

கோவைப் பக்கம் ஒரு தனியார் கம்பெனி. அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் ஒரு பையன். பேர் வேண்டாம். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் நாலு பேருக்குப் பங்கு வைப்பான். அவ்வளவு கலகலப்பு. ஆடிட் நேரத்தில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போக, அவர்கள் வேலையும் இவன் தலையில் விழுந்தது. முதலில் சாப்பிட வருவது நின்றது. அப்புறம் டீக்கு வருவது நின்றது. ராத்திரி இரண்டு மணிக்கு அவனிடமிருந்து மெயில் வந்தது. தூக்கத்தில்கூடத் தப்பாமல் போடும் கணக்கில் தப்பு வந்தது. “என்னப்பா, லவ் ஃபெயிலியரா?” என்று சிரித்தார்கள். மேனேஜர் எல்லோர் எதிரிலும் கத்தினார். ஒரே ஒரு அக்கா மட்டும், “ஏன் தம்பி ஒரு மாதிரி இருக்கே?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லீங்க்கா, தூக்கம் சரியில்ல” என்றான். “பால் குடிச்சுட்டுப் படு சாமி” என்று சொல்லிவிட்டு அவரும் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை பாக்கி வேலையெல்லாம் முடித்தான். கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை எழுதி டிராயரில் வைத்தான். எல்லோரிடமும் சிரித்துப் பேசிவிட்டுக் கிளம்பினான். “அப்பாடா, தேறிட்டான்” என்று மற்றவர்களுக்கு நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஐ.சி.யூ.வில் கிடந்தான்.

பிழைத்துக்கொண்டான். எல்லோரும் பிழைப்பதில்லை.

“எங்கேயோ ஒருத்தருக்கு நடந்தது” என்று நினைக்காதீர்கள். உலகில் வேலை பார்க்கும் வயதில் இருப்பவர்களில் சுமார் 15 சதவிகிதம் பேருக்கு 2019-ல் ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இருபது பேர் உள்ள செக்‌ஷன் என்றால் மூன்று பேர்! நம் நாட்டில் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வோ, மனநோய் உள்ளவர்களில் வியாதியைப் பொறுத்து 70 முதல் 92 சதவிகிதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்கிறது. காரணம்? பாதி அறியாமை. பாதி, “பைத்தியம்னு சொல்லிடுவாங்களோ” என்ற பயம்.

இந்த அறிகுறிகளைக் கண்டால் உஷார்!

• எல்லோரோடும் சாப்பிடுபவர் திடீரென்று தனியாக ஒதுங்குவது, சாப்பாட்டையே தவிர்ப்பது.

• அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்று லீவு போடுவது. அல்லது லீவே எடுக்காமல் ஆபீஸிலேயே கிடப்பது. இரண்டுமே ஆபத்து! வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை பார்ப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவிகிதம் அதிகம்.

• சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவது, பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வருவது.

• குடி, சிகரெட், தூக்க மாத்திரை கூடுவது.

• “நான் இல்லாட்டி எல்லோருக்கும் நிம்மதி” என்ற மாதிரிப் பேச்சு. விளையாட்டுக்குச் சொன்னாலும் விளையாட்டு இல்லை.

• பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, கணக்கு வழக்கை ஒப்படைப்பது, பல வாரச் சோர்வுக்குப் பிறகு காரணமே இல்லாமல் அமைதியாகிவிடுவது. இதுதான் எல்லாவற்றையும்விடப் பயங்கரம். தேறிவிட்டார் என்று ஏமாந்துவிடாதீர்கள்!

சரி, என்ன செய்வது?

தனியாக அழைத்துப் போய்க் கேளுங்கள். எல்லோர் எதிரிலும் வேண்டாம், வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டவே வேண்டாம். “நல்லா இருக்கியா?” என்று கேட்டால் “நல்லா இருக்கேன்” என்றுதான் பதில் வரும். “பத்து நாளா நீ சாப்பிடவே வரலையே, என்ன ஆச்சு?” என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லிக் கேளுங்கள். முதல் தடவை மழுப்பினால் மறுநாள் மறுபடி கேளுங்கள்.

சந்தேகம் பலமாக இருந்தால், “உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்பது தப்பு. கேட்டால்தான் மனசு திறக்கும்.

“உனக்கென்னப்பா குறைச்சல்?”, “கோயிலுக்குப் போயிட்டு வா, சரியாயிடும்” என்று வாயை அடைக்காதீர்கள். நல்லெண்ணத்தில் சொன்னாலும் அடுத்த முறை அவர் உங்களிடம் வரமாட்டார்.

இந்த எண்ணை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்: 14416. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986-லிருந்து இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. “போலீஸ் கேஸாகிடுமோ” என்று மறைத்து உயிரைப் பணயம் வைக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம். உடல் நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். கம்பெனி பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

மேனேஜர்களே, உங்களுக்கும்தான்! ஆள் குறைந்தால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள், இருக்கும் ஒருவர் தலையில் கட்டாதீர்கள். திட்ட வேண்டுமென்றால் கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள். யோகா வகுப்பு வைத்துவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு போன் போட்டால் என்ன பிரயோஜனம்?

கடைசியாக ஒன்று. “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு” என்று கேட்பார்கள். பண்ணாதீர்கள்! நீங்கள் டாக்டர் இல்லை, இந்தச் சுமையைத் தனியாகத் தூக்க உங்களால் முடியாது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டுக்குச் சொல்லுங்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். “நம்பிச் சொன்னேனே, காட்டிக்கொடுத்துட்டியே” என்று கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும். கோபித்துக்கொள்ள அவர் உயிரோடு இருப்பார்!