குரலை உயர்த்தாமல் குறையைச் சொல்வோம்

வாங்கி இரண்டே வாரத்தில் பழுதாகிவிடும் கைப்பேசி, பணத்தை வாங்கிக்கொண்டு நாளைக் கடத்தும் பழுதுபார்ப்புக் கடை, படத்தில் ஒன்றைக் காட்டி வேறொன்றை அனுப்பும் இணைய வணிகர். இப்படி ஏதாவது நேரும்போது மாணவர்களாகிய நம்மில் பலர் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறோம். "பரவாயில்லை, விடு" என்று பேசாமல் வந்துவிடுகிறோம். இல்லையென்றால் கடை ஊழியரை ஏசி, அதைக் காணொளியாக எடுத்து டிக்டாக்கில் போட்டுவிடுகிறோம்.

முதல் வழியில் நம் பணம் போகிறது. இரண்டாவது வழியில் பணத்தோடு நம் பக்க நியாயமும் போய்விடுகிறது. காணொளி பரவியதும் பழுதான பொருளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கடைக்காரர் எந்த இனம், வாடிக்கையாளர் எந்த இனம் என்று பேச்சு திசை மாறிவிடுகிறது. ஊழியரின் முகத்தையும் பெயரையும் போட்டு ஏசியவர், அவதூறு வழக்கைச் சந்திக்கவும் நேரலாம்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

கடிதத்தின் பலம்

ஜார்ஜ்டவுனில் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது பினாங்கு பயனீட்டாளர் சங்கம். அதை நீண்ட காலம் தலைமையேற்று வழிநடத்திய எஸ்.எம். முகமட் இட்ரிஸ் 2019ஆம் ஆண்டு மே மாதம் காலமானார். பெரிய நிறுவனங்களையும் அரசாங்கத்தையும் தயங்காமல் விமர்சித்த சங்கம் இது. அதன் முக்கியமான கருவிகளில் ஒன்று கடிதம். பாதிக்கப்பட்டவரிடம் விவரங்களைக் கேட்டு, சம்பந்தப்பட்ட நிறுவனத்திற்கு எழுதி, பதில் கேட்பார்கள். பத்திரிகைகளுக்கும் எழுதுவார்கள். அந்தக் கடிதங்களின் கடுமை சொல்லப்படும் விஷயத்தில் இருக்கும். வசை சொற்களுக்கு அங்கே வேலை இல்லை.

மரியாதையாகப் பேசினால் நம்மைப் பயந்தவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற எண்ணம் இளைஞர்களுக்கு உண்டு. இட்ரிஸை யாரும் அப்படி நினைத்ததில்லை.

சட்டம் நம் பக்கம்

நிதானமாகப் பேசுவதற்கு ஒரு துணிவு வேண்டும். அந்தத் துணிவை உரிமையைத் தெரிந்துகொள்வதிலிருந்து பெறலாம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். சேவை வழங்குபவர் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்ய வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று கடையில் எழுதி ஒட்டியிருந்தாலும், பழுதான பொருள் விஷயத்தில் இந்த உரிமையை அந்த அட்டை பறித்துவிடாது. ஆனால், நன்றாக உள்ள சட்டையை நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பது வேறு கதை. அங்கே கடைக்காரரின் மனம்தான் கணக்கு.

பேச்சில் தீராவிட்டால் மலேசிய பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இது செயல்படுகிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். பொதுவாக வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை. நாமே பேச வேண்டும். 18 வயது நிரம்பாதவர்களுக்காகப் பெற்றோர் பேசலாம். அதன் தீர்ப்பைக் கடைக்காரர் பின்பற்றாவிட்டால் அது குற்றம்.

நடுவர் முன் வைக்கப்படுவது ரசீதும், நாம் அனுப்பிய செய்திகளும்தான். இரவு 12 மணிக்குக் கோபத்தில் தட்டிவிட்ட புலனச் செய்தியை அங்கே இன்னொருவர் படிப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

மூன்று வரிக் கடிதம்

என் அறைத்தோழி தன் மடிக்கணினியின் திரையை மாற்ற ஒரு கடையில் 380 வெள்ளி கொடுத்தாள். அது பி.டி.பி.டி.என். கடனில் மிச்சம் பிடித்த பணம். பத்து நாளில் திரை மீண்டும் இருண்டது. மூன்று முறை போனாள். "அடுத்த வாரம் வாங்க" என்பதே பதில். நான்காவது முறை ஒரு கடிதத்தோடு போனாள். இன்ன தேதியில் இவ்வளவு பணம் கொடுத்தேன், இன்ன தேதியில் பழுதானது என்பது முதல் வரி. ஏழு நாளுக்குள் சரிசெய்து தாருங்கள், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்பது இரண்டாவது. அதற்குள் முடியாவிட்டால் நடுவர் மன்றத்தில் மனு செய்வேன் என்பது மூன்றாவது. அவ்வளவுதான். கடிதத்தின் ஒரு நகலில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் முதலாளியே அழைத்தார். கூலி 60 வெள்ளியைப் பிடித்துக்கொண்டு 320 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தார். முழுப் பணமும் கேட்டிருக்கலாம் என்று நான் சொன்னேன். தேர்வு நெருங்கியதால் அவள் அதோடு முடித்துக்கொண்டாள். வேண்டுமானால் மேலே போக முடியும் என்று தெரிந்தேதான் அந்த முடிவை எடுத்தாள். "பரவாயில்லை, விடு" என்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

கல்லாவுக்குப் பின்னால் இருப்பவர்

பேரங்காடியில் நாம் கோபப்படும் ஊழியர் பெரும்பாலும் நம் வயதுக்காரர். எஸ்.பி.எம். முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவராக இருக்கலாம். பகுதிநேர வேலை செய்யும் பல்கலைக்கழக மாணவராக இருக்கலாம். பொருளைத் திரும்பப் பெறுவதா இல்லையா என்று முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. "இது உங்கள் தவறில்லை என்று எனக்குத் தெரியும். யாரிடம் பேசினால் முடிவு கிடைக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். உள்ளே போய் மேலாளரை அழைத்து வரப்போவது அவர்தான்.

நாம் தமிழிலும் மலாயிலும் வளர்ந்தவர்கள். இரண்டு மொழியிலும் உறவுமுறை சொல்லித்தான் அழைக்கிறோம். நாசி கண்டார் கடையில் "அண்ணே, ரொட்டி ஆறிப்போச்சு, வேற போட்டுத் தர்றீங்களா?" என்கிறோம். மலாய்க்காரர் கடையில் "காக்", "பாங்" என்று அழைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறோம். குறை சொல்லும் நேரத்திலும் அந்தப் பழக்கம் மாற வேண்டியதில்லை.

அதற்காகக் குழைந்து பேச வேண்டும் என்று பொருளில்லை. குறை சொல்வதற்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். "முடிந்தால் பாருங்கள்" என்று விட்டுவிடாதீர்கள். தேதியைக் கேட்டு வாங்குங்கள். பேசிய நாளையும் பேசியவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ரசீதின் மை சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கையில் ஆதாரம் இருந்தால் கத்த வேண்டிய அவசியமே வராது.