முன்னால் ஒரே ஒரு சக்கரம்

நடைபாதைக் கல் ஒன்று பக்கத்துக் கல்லைவிட 2 செ.மீ. உயர்ந்து நிற்கிறது. நடந்து போகிறவர் கண்ணில்கூடப் படாத உயரம். குழந்தையை உட்காரவைத்து ஸ்ட்ரோலரைத் தள்ளிவருகிறவரை அது நிறுத்திவிடுகிறது. முன்சக்கரத்தின் மேல் 8 கிலோ எடை இறங்குவதாக வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் விட்டம் 14 செ.மீ. என்றால், அந்தக் கல்லின் மேல் ஏற, ஏறத்தாழ அதே 8 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னோக்கித் தள்ள வேண்டும். விட்டம் 40 செ.மீ. என்றால் 4 கிலோ போதும். கல் 5 செ.மீ. உயர்ந்திருந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது: சின்னச் சக்கரம் 27 கிலோ கேட்கும், பெரிய சக்கரம் 7 கிலோவில் ஏறிவிடும்.

காரணம் எளிய வடிவியல். சக்கரம் சிறிதாக இருந்தால் கல்லின் விளிம்பு அச்சின் உயரத்துக்கு நெருக்கமாக வந்து முட்டுகிறது. நாம் கொடுக்கும் விசையில் பெரும்பகுதி கல்லைத் தள்ளுவதிலேயே வீணாகிறது. பெரிய சக்கரத்தில் அதே விளிம்பு அச்சுக்கு வெகு கீழே படுவதால், சக்கரம் அதன் மேல் உருண்டு ஏறுகிறது. மூன்று சக்கர ஸ்ட்ரோலர் பிறந்ததற்கான காரணமும் இதில்தான் இருக்கிறது. முன்னால் சுழலும் பெரிய சக்கரங்கள் இரண்டை வைத்தால், அவை திரும்பும்போது சட்டத்தில் இடிக்கும், குழந்தையின் காலுக்கும் இடமிருக்காது. நடுவில் ஒன்றே ஒன்று என்றால் அதைப் பெரிதாக வைக்கலாம்.

குழந்தை வண்டியின் வரலாற்றில் இரண்டு பாதைகள் தெளிவாகத் தெரிகின்றன. 1965இல் இங்கிலாந்தின் ஓவன் மக்லாரன், குடைபோல மடங்கும் வண்டியை வடிவமைத்தார். இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயர் விமானத்துக்குத் தரையிறங்கு சக்கர அமைப்பில் பணியாற்றிய பொறியாளர் அவர். அலுமினியக் குழாய்களால் ஆன அந்த வண்டி 3 கிலோகூட இல்லை. ஒரு கையில் மடக்கித் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறலாம். வழவழப்பான நகரத் தளங்களுக்கு அது போதும். இரண்டாவது பாதை 1984இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா ஊரில் தொடங்கியது. ஃபில் பேக்லர் என்ற பத்திரிகையாளர், ஓடும்போது கைக்குழந்தையையும் கூட்டிப்போக விரும்பி, ஸ்ட்ரோலரில் சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தினார். ஜாகிங் ஸ்ட்ரோலர் அங்கிருந்து வந்தது. 1990களில் நியூசிலாந்தின் வெலிங்டனில் தொடங்கிய நிறுவனங்கள், மலைப்பாதைக்கும் கடற்கரைக்கும் என்று மூன்று சக்கர வண்டிகளை உலகம் முழுக்கப் பரப்பின.

ஆகவே வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, இந்த வண்டி எந்தத் தரையில் ஓடப்போகிறது என்பதுதான். வணிக வளாகம், விமான நிலையம், அடுக்ககத்தின் உள்சாலை என்றால் 10 முதல் 14 கிலோ எடையுள்ள மூன்று சக்கர வண்டி தேவையே இல்லை. அதைக் கார் டிக்கியில் ஏற்றி இறக்கியே முதுகு போய்விடும். உடைந்த நடைபாதை, ஜல்லி, மண்சாலை, புல்வெளி என்றால் அதற்கு ஈடு இல்லை. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பதால், எவ்வளவு மேடுபள்ளமான தரையிலும் மூன்று சக்கரங்களும் ஒரேசமயத்தில் தரையைத் தொட்டிருக்கும். நான்கு சக்கர வண்டியில் ஒன்று அந்தரத்தில் நிற்கும், அல்லது சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. கடையில் யாரும் அதைச் சொல்வதில்லை. நான்கு சக்கரங்கள் தரையில் தொடும் இடங்களைக் கோடிட்டு இணைத்தால் செவ்வகம் வரும். மூன்று சக்கரத்துக்கு முக்கோணம். வண்டியும் குழந்தையும் சேர்ந்த ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே விழும் செங்குத்துக்கோடு இந்த வடிவத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். வெளியே போனால் கவிழும். முக்கோணம் முன்னோக்கிப் போகப் போகக் குறுகுவதால், பக்கவாட்டில் சாய இடம் குறைவு.

எண்களில் பார்த்தால் விளங்கும். பின்சக்கரங்களுக்கு நடுவே 60 செ.மீ., பின் அச்சிலிருந்து முன்சக்கரம் வரை 80 செ.மீ., ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 30 செ.மீ. முன்னால், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டேன். இதே அளவில் நான்கு சக்கர வண்டி 31 பாகை சாய்ந்தால்தான் கவிழும். மூன்று சக்கர வண்டி 19 பாகையிலேயே கவிழ்ந்துவிடும். 19 பாகைச் சாய்வான சாலை எங்கே இருக்கிறது என்று தோன்றலாம். நடைபாதையின் ஓரத்தில் போகும்போது ஒரு பின்சக்கரம் 15 செ.மீ. விளிம்பிலிருந்து நழுவி இறங்கினால் ஏறத்தாழ 14 பாகை சாய்கிறது. அந்த நேரத்தில் குழந்தை நாய்க்குட்டியைப் பார்க்க அதே பக்கம் எட்டினால், ஈர்ப்பு மையம் 4 செ.மீ. நகர்ந்தாலும் போதும், கவிழும் எல்லை 15 பாகைக்கு வந்துவிடும். பிறகு ஒரு சின்னக் குலுக்கல் போதும்.

வேகமும் அப்படியே. சவாரிக்கு ஆளை ஏற்றிக்கொண்டு ஆட்டோ வேகமாக வளைந்தால் உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டு எழுவது இதே முக்கோணத்தால்தான். மேலே சொன்ன ஸ்ட்ரோலரை நடை வேகத்தில் எப்படித் திருப்பினாலும் பயமில்லை. மணிக்கு 11 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டே, இரண்டரை மீட்டர் ஆரத்தைவிடக் குறுகிய வளைவில் திருப்பினால் கவிழும். வேகம் இரட்டித்தால் தேவைப்படும் ஆரம் நான்கு மடங்காகிறது. ஓடுகிறவர்கள் திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்; திருப்பத்தில் நுழைந்தபின் குறைப்பது உதவாது, ஏனென்றால் அந்தக் கணத்தில் எடை முன்னால் தள்ளப்பட்டு, முக்கோணத்தின் குறுகிய பகுதிக்குப் போகிறது.

எனவே, சக்கரங்களின் எண்ணிக்கையைவிடக் குழந்தை எங்கே உட்காருகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதே கணக்கில் ஈர்ப்பு மையத்தை 10 செ.மீ. தாழ்த்தினால் எல்லை 19இலிருந்து 24 பாகைக்குப் போகிறது. பின் அச்சை நோக்கி 10 செ.மீ. தள்ளினாலும் 23 பாகை கிடைக்கிறது. பின்னால் தள்ளுவதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டுகிற பழக்கம் பலருக்கு உண்டு. குழந்தை உள்ளே இருக்கும்வரை வண்டி நிற்கும். குழந்தையைத் தூக்கிய மறுகணம், 5 கிலோ பை ஒன்றே வண்டியைப் பின்பக்கமாகச் சாய்த்துவிடக்கூடும். பாதி தூக்கிய நிலையில் வார் சிக்கியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இருக்கைக்கு அடியில் உள்ள கூடைதான் பைக்கான இடம்.

தாழ்ந்த இருக்கைக்கு எதிராக ஒரு வலுவான வாதமும் உண்டு. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் பிரசாந்த் குமார் தலைமையிலான குழு, வண்டியில் போகும் குழந்தை சுவாசிக்கும் காற்று மாசைப் பற்றி 2018இல் எழுதியது. வண்டியில் குழந்தை மூச்சு விடும் உயரம் தரையிலிருந்து 55 முதல் 85 செ.மீ.; வாகனப் புகைக்குழாய்களும் பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள்தான். பெரியவர்களைவிட 60 சதவீதம் வரை அதிகமான மாசு குழந்தைக்குப் போகக்கூடும் என்றது அந்த ஆய்வு. கவிழாமல் இருக்க இருக்கை தாழ வேண்டும், புகை படாமல் இருக்க உயர வேண்டும். இரண்டையும் ஒரே வண்டி தராது. என் தேர்வு தாழ்ந்த இருக்கைதான். கவிழும் கோணத்தை நாம் தெருவில் மாற்ற முடியாது. தெருவை மாற்ற முடியும். பேருந்து நிறுத்தத்திலும் சிக்னலிலும் வண்டியை விளிம்பிலிருந்து பின்னுக்கு இழுத்து நிறுத்தலாம், ஒரு தெரு சுற்றிப் போகலாம்.

வெயிலுக்கென்று வண்டியை முழுக்கத் துணியால் மூடுவது வேறொரு ஆபத்து. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெயிலில் ஸ்ட்ரோலர்களை நிறுத்தி வெப்பநிலையை அளந்து, 2023இல் வெளியிட்டார்கள். உலர்ந்த மஸ்லின் துணி போர்த்திய வண்டிக்குள், போர்த்தாத வண்டியைவிட 2.6 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது. துணியை நனைத்து, சின்ன மின்விசிறி ஒன்றும் வைத்தபோது ஏறத்தாழ 5 டிகிரி குறைந்தது. ஈரம் ஆவியாவதால் கிடைக்கும் குளிர்ச்சி இது. சென்னைபோன்ற புழுக்கமான கடற்கரை ஊரில் ஈரம் அவ்வளவு வேகமாக ஆவியாகாது. காற்று புகும் அகலமான மேற்கூரையே பாதுகாப்பு.

முன்சக்கரத்துக்கு வருவோம். தானாகத் திரும்பும் சக்கரம் கடைவீதியில் அருமை. ஒரு கையால் திருப்பலாம். ஓடும் வேகத்தில் அதே சக்கரம் இடமும் வலமும் படபடக்கத் தொடங்கும். சிறு கல் பட்டால் சட்டென்று குறுக்கே திரும்பி வண்டியை முன்பக்கமாகக் குப்புறத் தள்ளும். அதனால்தான் நல்ல வண்டிகளில் முன்சக்கரத்தை நேராகப் பூட்டும் வசதி இருக்கிறது. பூட்டு இல்லாத மூன்று சக்கர வண்டி பார்வைக்கு ஜாகிங் ஸ்ட்ரோலர்போல இருந்தாலும் ஓட ஏற்றதல்ல. காற்றடைத்த டயர் அதிர்வைக் குறைக்கும், பஞ்சரும் ஆகும். ஃபோம் டயருக்குப் பஞ்சர் இல்லை, அதிர்வு கூடுதல். கரடுமுரடான சாலைக்குக் காற்றடைத்ததையே வாங்கலாம்.

எந்த டயராக இருந்தாலும், ஆறு மாதம் நிறையாத குழந்தையை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலைதான். அதைத் தாங்கும் கழுத்துத் தசைக்கு இன்னும் வலு வந்திருக்காது. ஓடாமல் மெதுவாகத் தள்ளிப்போவதானாலும், பச்சிளம் குழந்தைக்கு முழுக்கப் படுக்கும் இருக்கை வேண்டும்.

விளம்பரங்களில் பேசப்படாத இன்னொன்று, குழந்தை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. ஜாகிங் வண்டிகளில் பெரும்பாலானவை முன்னோக்கிப் பார்க்கும் இருக்கை கொண்டவை. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் சூசன் சீடிக், 2008இல் பிரிட்டன் தெருக்களில் 2,722 பெற்றோர்–குழந்தை இணைகளைக் கவனித்த ஆய்வை வெளியிட்டார். முகம் பார்த்தபடி தள்ளியவர்கள் குழந்தையோடு இருமடங்கு பேசினார்கள். பேச்சு முளைக்கும் வயதில் இது சிறிய விஷயம் அல்ல. இருபக்கமும் திருப்பி மாட்டக்கூடிய இருக்கை கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால், அவ்வப்போது நின்று முன்னால் போய்க் குனிந்து பேசுங்கள்.

நிறுத்துவது, தள்ளுவதைவிட முக்கியம். பெரிய சக்கரம் சுலபமாக உருளும் என்பதே அதன் பலம். நாம் கைவிட்ட கணத்தில் அதுவே ஆபத்து. 2009 அக்டோபரில் மெல்பர்னின் ஆஷ்பர்ட்டன் ரயில் நிலையத்தில், கையை எடுத்த சில நொடிகளில் ஒரு குழந்தை வண்டி உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. வந்துகொண்டிருந்த ரயில் அதை இடித்துத் தள்ளியது. கைக்குழந்தை சிறு காயத்தோடு பிழைத்தது. ஆஸ்திரேலியாவில் 2008 முதல் விற்கும் வண்டிகளுக்கு, கண்ணில் படும் சிவப்பு நிற பிரேக்கும் தள்ளுபவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் வாரும் கட்டாயம். நாம் எந்த நாட்டில் வாங்கினாலும் இந்த இரண்டையும் தேடலாம். வார் இல்லையென்றால் தைத்துச் சேர்க்கலாம்.

கடையில் வெறும் வண்டியைத் தள்ளிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இருக்கையில் 10, 12 கிலோ எடையைக் கட்டிவையுங்கள். கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தை உயர்த்துங்கள், கை நோகாமல் உயர வேண்டும். பிறகு இரு பக்கமும் மெல்லச் சாய்த்து, எந்த இடத்தில் தானாக விழத் தொடங்குகிறது என்று உங்கள் கைக்கே உணர்த்திக்கொள்ளுங்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 1888 அச்சிடப்பட்டிருந்தால், அது 15 கிலோ வரைக்குமானதா, 22 கிலோ வரைக்குமானதா என்று பாருங்கள். மூன்று வயதைத் தாண்டியும் பயன்படுத்துவதென்றால் இரண்டாவதுதான் வேண்டும்.

உறவினர் தந்ததோ, பழைய வண்டியை விலைக்கு வாங்கியதோ என்றால், முன்சக்கரத்தை இறுக்கும் நெம்புகோலை முதலில் பாருங்கள். சைக்கிளிலிருந்து வந்த அமைப்பு அது. சரியாக மூடவில்லையென்றால் ஓடும்போதே சக்கரம் கழன்றுவிடும். இப்படிக் கழன்றதாகச் சுமார் 200 புகார்கள் சேர்ந்தபின், அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2018இல் ஒரு தயாரிப்பாளர் மீது வழக்குத் தொடுத்தது. நெம்புகோல் உள்ளங்கையில் தடம் பதியும் அளவுக்கு இறுக்கமாக மூட வேண்டும். மூடியபின் முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தை ஓங்கித் தட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் குழந்தையை உட்காரவைக்காதீர்கள்.