கல்லைப் பரிசாகத் தரும் சைக்கிள் பந்தயம்

விடியற்காலை இருட்டில், பின்னால் பால் வாளியைக் கட்டிக்கொண்டு வேலைக்காட்டுக்குப் புறப்படும் சைக்கிள்களைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். மழைநாளில் தோட்டத்துச் செம்மண் சாலை சேறாகிவிட்டால், சைக்கிள் நம்மைச் சுமப்பதுபோய் நாம் சைக்கிளைச் சுமந்த கதை கிள்ளான் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. மோசமான சாலை என்றாலே நமக்கு வேதனைதான். ஆனால், சாலை கரடுமுரடாகவே இருக்கவேண்டும் என்று பாடுபட்டுக் காப்பாற்றும் ஒரு பந்தயம் உலகத்தில் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

பிரான்ஸ் நாட்டில் ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே நாளில் நடந்து முடியும் பாரிஸ் - ரூபே சைக்கிள் பந்தயம்தான் அது. சுமார் 260 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கருங்கல் பதித்த பழைய வண்டிப் பாதை. வெற்றி பெறுபவருக்குக் கிடைக்கும் கேடயமும் அந்தப் பாதையில் பதிக்கும் ஒரு கல்தான்!

ரூபே, பெல்ஜியம் எல்லையோரத்து நெசவாலை நகரம். தியோடோர் வியென், மோரிஸ் பெரேஸ் என்ற இரண்டு ஆலை முதலாளிகள் 1895ஆம் ஆண்டில் அங்கே சைக்கிள் ஓட்டத் திடல் ஒன்றைக் கட்டினார்கள். திடலுக்குப் பெயர் வரவேண்டுமே! பாரிஸிலிருந்து புறப்பட்டு அந்தத் திடலில் முடியும் பந்தயம் ஒன்றை நடத்தலாம் என்று தீர்மானித்தார்கள். வழியைப் பார்த்துவர விக்டர் பிரேயர் என்ற பத்திரிகையாளர் போனார். மழையிலும் சேற்றிலும் சைக்கிள் மிதித்து, உடம்பு நொந்து ரூபே போய்ச் சேர்ந்தவர், "வேண்டாம் இந்த விபரீதம்" என்று தந்தி கொடுக்கவே நினைத்தாராம். இரவு நன்றாகத் தூங்கி எழுந்ததும் மனம் மாறிவிட்டது. 1896 ஏப்ரலில் முதல் பந்தயம் நடந்தது. ஜெர்மனியின் ஜோசப் பிஷர் வென்றார். அடுத்த இரண்டு ஆண்டுகளும் வென்ற மோரிஸ் காரின், இளமையில் புகைக்கூண்டு துடைத்துப் பிழைத்தவர்.

முதல் உலகப் போரால் நான்கு ஆண்டுகள் பந்தயம் நின்றது. 1919இல் வழியைப் பார்க்கப் போனவர்கள், குண்டு விழுந்த பள்ளங்களையும் கருகிய மரங்களையும் கண்டு, "வடக்கின் நரகம்" என்று எழுதினார்கள். அந்தப் பெயர் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிறகு நாடு செழித்தது; கல் பாதைகள் ஒவ்வொன்றாகத் தார்ச் சாலை ஆயின. ஊர் மக்களுக்கு நல்லதுதான். பந்தயத்துக்கோ உயிரே போய்விடும் போலிருந்தது. அப்போது கைகொடுத்தவர் ஜான் ஸ்டாப்லின்ஸ்கி. போலந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தின் பிள்ளை. போரின்போது தந்தையை இழந்து, சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். அதே கால்களால் சைக்கிள் மிதித்து 1962இல் உலக வெற்றியாளர் ஆனவர். தான் வேலை செய்த ஆரென்பெர்க் சுரங்கத்துக்கு மேலே, காட்டுக்குள் ஒரு கல் பாதை கிடப்பதை அவர்தான் சொன்னார். 1968இல் பந்தயம் அதன் வழியே சென்றது. இன்று அந்த இரண்டரைக் கிலோமீட்டர்தான் பந்தயத்தின் இதயம். சுரங்கம் 1989இல் மூடப்பட்டது; ஸ்டாப்லின்ஸ்கி 2007இல் மறைந்தார். பாதையின் தொடக்கத்தில் அவருக்கு நினைவுக்கல் நிற்கிறது. கீழே கரி வெட்டி, மேலே பந்தயம் ஓட்டியவருக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

1980களில் தொடங்கிய ரசிகர் சங்கம் ஒன்று, பெயர்ந்த கற்களைத் திரும்பப் பதித்து அந்தப் பாதைகளைக் காத்துவருகிறது.

பெண்களுக்கு இந்தப் பந்தயம் திறக்க 125 ஆண்டுகள் ஆயின. 2021 அக்டோபரில், இங்கிலாந்தின் லிசி டைக்னன் எண்பது கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டி வென்றார். கை கொப்புளித்து வடிந்த இரத்தம் கைப்பிடியில் படிந்திருந்தது. அவருக்குரிய பரிசுத் தொகை 1,535 யூரோ. அதே ஆண்டு வென்ற ஆணுக்கு 30,000 யூரோ. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று வாங்கிய நம் பாட்டிமாருக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம். உலகம் முழுவதும் இது பேச்சானது. அவருடைய குழுவே அந்த வித்தியாசத்தை ஈடுகட்டியது.

நம் நாட்டிலும் 1996 முதல் லங்காவி சைக்கிள் பந்தயம் நடந்துவருகிறது. அது பல நாள் ஓட்டம். நம்மவரான எம். குமரேசன் மலேசியாவுக்காக ஒலிம்பிக் வரை சென்று சைக்கிள் ஓட்டியவர். ஆக, இந்த விளையாட்டு நமக்கு எட்டாக்கனி அல்ல.

இந்நாட்டின் தண்டவாளங்களிலும் சாலைகளிலும் நம் முன்னோரின் வியர்வை கலந்திருக்கிறது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இரயில்வே தொழிலாளர்களின் வியர்வையையும் கண்ட இடம். பிரான்சில் ஒரு தொழிலாளியின் பாதைக்கு ஊரே கூடிக் கல் பதிக்கிறது. நாம் கல் நடாவிட்டாலும், தாத்தா எந்தச் சாலையில் சைக்கிள் மிதித்தார், எந்த மேட்டில் இறங்கித் தள்ளினார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கலாமே. சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.